தொப்புள்கொடி சொன்ன சாட்சி

குழந்தை பிறந்த சில நாளில் காய்ந்து விழும் தொப்புள்கொடித் துண்டைத் தமிழ்நாட்டில் பல வீடுகளில் தூக்கி எறிவதில்லை. தாயத்துக்குள் வைத்து அடைத்து, அரைஞாண் கயிற்றில் கோத்துவிடுவார்கள். ஜப்பானியத் தாய்மாரும் அதைப் போற்றி வைப்பவர்கள்தான். சிறு மரப்பெட்டியில் வைத்து ஆண்டுக்கணக்கில் பாதுகாப்பார்கள். ஜப்பானின் தெற்கிலுள்ள கியூஷூ தீவில், மினமாட்டா என்ற கடலோர ஊரில் அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. கேட்டு வாங்கியவர் மசஸூமி ஹராடா என்ற இளம் மருத்துவர். சருகாகிப்போன அந்தக் கொடிகளை ஆய்வகத்தில் சோதித்தபோது, அவற்றுக்குள் மெத்தில் பாதரசம் இருந்தது.

மருத்துவ உலகத்துக்கு அது பெரிய அதிர்ச்சி. தாயின் உடலில் நஞ்சு புகுந்தாலும் கருவறைக்குள் அது எட்டாது, இடையில் நஞ்சுக்கொடி காவல் நிற்கிறது என்று அதுவரை மருத்துவர்கள் நம்பிவந்தார்கள். மினமாட்டா அந்த நம்பிக்கையை உடைத்தது. காவல் நிற்பதாக நினைத்த கொடியே பாதரசத்தைப் பிள்ளைக்கு ஊட்டியிருந்தது.

அன்று தொடங்கிய ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. கையும் காலும் முறுக்கிக்கொண்ட பிள்ளைகளிடம் தொடங்கிய அது, பார்த்தால் எந்தக் குறையும் தெரியாத பிள்ளைகளிடம் வந்து நிற்கிறது. வகுப்பில் ஒரு சொல் நினைவுக்கு வரத் தாமதமாகும் பிள்ளை, கணக்கின் நடுவில் கவனம் சிதறும் பிள்ளை. அந்தச் சிறு தாமதத்துக்கும், தாய் கருவுற்றிருந்தபோது உண்ட மீனுக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் அரை நூற்றாண்டாக விஞ்ஞானிகள் மல்லுக்கட்டும் கேள்வி.

பூனைகள் முதலில் ஆடின

மினமாட்டாவில் சிஸ்ஸோ என்ற வேதிப்பொருள் ஆலை 1932 முதல் அசெட்டால்டிஹைடு தயாரித்துவந்தது. அந்த வேதிவினையைத் தூண்ட பாதரச சல்ஃபேட் பயன்பட்டது. வினை நடக்கும் கலனிலேயே அதில் ஒரு சிறு பகுதி மெத்தில் பாதரசமாக மாறியது. கழிவுநீரோடு கலந்து அது கடலுக்குப் போனது. கடலிலிருந்து மீனுக்கும் சிப்பிக்கும், அங்கிருந்து மீனவக் குடும்பங்களின் தட்டுக்கும் வந்து சேர்ந்தது.

முதலில் பூனைகள் நிலைகொள்ளாமல் சுழன்றன, துள்ளி விழுந்தன, செத்தன. மீன் தலையையும் குடலையும் தின்று வளர்ந்த பூனைகள் அவை. ‘பூனை ஆட்டம்’ என்று ஊரார் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1956 ஏப்ரலில், ஆறு வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமி நடக்க முடியாமலும் பேச்சுக் குழறியும் ஆலை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். அடுத்து அவள் தங்கை. அதே ஆண்டு மே 1-ஆம் தேதி, மருத்துவமனையின் தலைவர் ஹஜிமே ஹொசொகாவா, மூளையையும் நரம்புகளையும் தாக்கும் இனம் தெரியாத நோய் பரவுகிறது என்று சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தார்.

1959-இல் குமமோட்டோ பல்கலைக்கழகக் குழு, கரிமப் பாதரசமே காரணம் என்று அறிவித்தது. அதே ஆண்டு ஹொசொகாவா ஆலைக் கழிவுநீரை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். ஆராய்ச்சிக் குறிப்பில் அதன் எண் 400. அந்தப் பூனைக்கும் அதே நோய் வந்தது. நிர்வாகம் அந்த முடிவை வெளியே விடவில்லை. அசெட்டால்டிஹைடு உற்பத்தி 1968 மே மாதம்தான் நின்றது. ஆலைக் கழிவே நோய்க்குக் காரணம் என்று ஜப்பானிய அரசு செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. காரணம் தெரிந்த பிறகும் ஒன்பது ஆண்டுகள் கழிவு ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளிலும் அந்த ஊரில் பெண்கள் கருவுற்றார்கள்.

ஹராடா 1961-இல் அந்த ஊருக்குப் போனபோது ஒரு வீட்டு வாசலில் இரு சிறுவர்களைப் பார்த்தார். அண்ணன், தம்பி. இருவருக்கும் ஒரே மாதிரி அறிகுறிகள். அண்ணனுக்கு மினமாட்டா நோய் என்றும், தம்பிக்குப் பிறவியிலேயே வந்த மூளை வாதம் என்றும் மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். தம்பி மீனே உண்டதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். தாய் அதை ஏற்கவில்லை. நான் உண்டேனே, அது வயிற்றிலிருந்த பிள்ளைக்குப் போயிருக்கும் என்று ஹராடாவிடம் வாதாடினார். பாடப்புத்தகம் அந்தத் தாயின் பக்கம் இல்லை. உண்மை அவர் பக்கம் இருந்தது. 1962 இறுதியில் 16 குழந்தைகள் கருவிலேயே நஞ்சூட்டப்பட்டவர்கள் என்று அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டார்கள்.

மரப்பெட்டிகள் இன்னொரு சாட்சியும் சொல்லின. ஹராடாவும் அவருடைய சக ஆய்வாளரும் 1975-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், கொடிகளில் இருந்த மெத்தில் பாதரசத்தைப் பிறந்த ஆண்டுவாரியாக அடுக்கினார்கள். ஆலையின் உற்பத்தி ஏறியபோது கொடியில் பாதரசமும் ஏறியிருந்தது, இறங்கியபோது இறங்கியிருந்தது.

ஒரே உலோகம், மூன்று குணம்

பாதரசம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது, உடைந்த வெப்பமானியிலிருந்து தரையில் உருண்டோடும் வெள்ளி மணிகள். அது தனிமப் பாதரசம். வியப்பூட்டும் செய்தி, அந்த மணியைத் தவறி விழுங்கினாலும் குடல் அதை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். ஆனால் அதே மணி அறை வெப்பத்தில் மெல்ல ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சோடு உள்ளே போனால் ஏறத்தாழ 80 சதவீதம் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடும். அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும்.

இரண்டாவது, கனிமப் பாதரச உப்புகள். சில சிவப்பழகு களிம்புகளில் ஒளிந்திருப்பது இதுதான். சிறுநீரகத்தைக் குறிவைத்துத் தாக்கும்.

மூன்றாவது மெத்தில் பாதரசம். பாதரச அணுவோடு ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் ஒட்டிக்கொண்ட கரிமச் சேர்மம். உணவில் வருவதில் 90 சதவீதத்துக்கும் மேல் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. மூளையைத் தேடிப் போவதில் இதற்கு நிகர் மற்ற இரண்டும் இல்லை.

மினமாட்டாவில் இது ஆலைக்குள்ளேயே உருவானது. உலகின் மற்ற இடங்களில் உருவாக்குபவை நுண்ணுயிரிகள். நிலக்கரி எரியும்போது அதிலிருந்த பாதரசம் புகைபோக்கி வழியாகக் காற்றில் ஏறுகிறது. சிறு தங்கச் சுரங்கங்களில் மணலிலிருந்து தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் கலந்து சூடாக்கும்போதும் ஏறுகிறது. 2015-ஆம் ஆண்டில் மட்டும் மனிதர்கள் காற்றில் கலந்த பாதரசம் சுமார் 2,220 டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்கெடுப்பு. இதில் சிறு தங்கச் சுரங்கங்களின் பங்கு 38 சதவீதம். நிலக்கரியின் பங்கு 21 சதவீதம். காற்றில் மாதக்கணக்கில் அலைந்து, கண்டம் விட்டுக் கண்டம் போய், மழையோடு ஏரியிலும் கடலிலும் விழுகிறது. காற்று நுழையாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதற்கு அவை பயன்படுத்தும் இரண்டு மரபணுக்கள் 2013-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டன.

அதன் பிறகு ஏணிப்படி. நுண்பாசியைச் சிற்றுயிர் தின்கிறது, சிற்றுயிரைச் சின்ன மீன், சின்ன மீனைப் பெரிய மீன். மெத்தில் பாதரசம் எளிதில் வெளியேறுவதில்லை என்பதால், ஒவ்வொரு படியிலும் செறிவு கூடுகிறது. சுற்றியுள்ள தண்ணீரில் இருப்பதைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேலாக, ஏணியின் உச்சியில் இருக்கும் சுறாவின் தசையில் சேரலாம். ஏணியில் சுறாவுக்கும் மேலே இருப்பவர் அதை உண்ணும் மனிதர். அவருக்கும் மேல்படியில் இருப்பது கருவிலுள்ள சிசு.

மூளைக்குள் மாறுவேடம்

மூளைக்குள் கண்டதெல்லாம் நுழைய முடியாது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே கட்டுக்காவலான ஒரு தடுப்பு உண்டு. ஊட்டச்சத்துகளை மட்டும் அடையாளம் பார்த்து உள்ளே விடும் வாயில்கள் அதில் இருக்கின்றன. பாதரசத்துக்குக் கந்தகத்தின் மேல் தீராத நாட்டம். கந்தகம் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு மெத்தில் பாதரசம் ஒட்டிக்கொண்டால், உருவத்தில் மெத்தியோனின் என்ற வேறொரு அமினோ அமிலத்தைப்போல ஆகிவிடுகிறது. மெத்தியோனின் மூளைக்கு வேண்டிய சத்து. வாயில் திறந்துவிடுகிறது. நஞ்சுக்கொடியிலும் இதே கதைதான். அங்கே இன்னும் ஒரு படி மேல்: பிறக்கும் குழந்தையின் கொடி இரத்தத்தில் மெத்தில் பாதரசத்தின் செறிவு, தாயின் இரத்தத்தில் இருப்பதைப்போல் சராசரியாக 1.7 மடங்கு.

உள்ளே போய் என்ன செய்கிறது? கருவில் மூளை கட்டப்படும் விதத்தைப் பார்த்தால் புரியும். நரம்புச் செல்கள் மூளையின் உட்புறத்தில் பிறந்து, தத்தம் அடுக்கைத் தேடி வெளிப்புறம் நோக்கி ஊர்ந்து போகின்றன. செல் பிரிவதற்கும் இப்படி ஊர்வதற்கும் உள்ளே நுண்குழல்கள் என்ற மெல்லிய சாரங்கள் வேண்டும். அந்தச் சாரங்களைக் கட்டும் புரதத்தில் கந்தகம் உள்ள இடங்கள் நிறைய. பாதரசம் அங்கே ஒட்டிக்கொள்ள, சாரம் சரிகிறது. பாதி வழியில் நின்றுவிட்ட செல்லும், தவறான அடுக்கில் குடியேறிய செல்லும் பிறகு இடம் மாறுவதில்லை.

பெரியவர்களின் மூளையில் மெத்தில் பாதரசம் குறிப்பிட்ட சில பகுதிகளைத் தேர்ந்து அழிக்கிறது. பார்வைக்கான பகுதி சேதமாகி, குழாய் வழியே பார்ப்பதுபோல் பார்வை குறுகும். சிறுமூளை சேதமாகி நடை தள்ளாடும். கருவிலுள்ள மூளையில் சேதம் அப்படி ஓரிடத்தில் நிற்பதில்லை, எங்கும் பரவுகிறது. கட்டிய வீட்டில் ஒரு சுவர் இடிவதற்கும், கட்டும்போதே செங்கற்கள் இடம் மாறிப்போவதற்கும் உள்ள வேறுபாடு இது.

தலைமுடியில் ஒரு நாட்குறிப்பு

1971-இல் இராக்கில் வறட்சி. விதைப்பதற்காக வெளிநாட்டிலிருந்து கோதுமையும் பார்லியும் கப்பல் கப்பலாக வந்திறங்கின. பூஞ்சை தாக்காமலிருக்க மெத்தில் பாதரச மருந்து பூசிய விதை அது. உண்ணக்கூடாது என்று காட்டச் சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தார்கள். மூட்டைமேல் எச்சரிக்கை இருந்தது, ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும். கிராமத்தார் விதையைக் கழுவினார்கள். சாயம் போயிற்று, நஞ்சும் போயிற்று என்று நினைத்தார்கள். மாவாக்கி ரொட்டி சுட்டார்கள். வாரக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு விரல்கள் மரத்தன, நடை தள்ளாடியது, கண் மங்கியது. மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர். அங்கே இறந்தவர்கள் 459 பேர்.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து தாமஸ் கிளார்க்சன் தலைமையில் ஆய்வாளர்கள் போனார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது தலைமுடி. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வளரும்போது இரத்தத்திலுள்ள மெத்தில் பாதரசம் அதில் பதிந்துவிடுகிறது. ஒரு பெண்ணின் நீண்ட கூந்தலை சென்டிமீட்டர் வாரியாக வெட்டி அளந்தால், கருவுற்ற எந்த மாதத்தில் எவ்வளவு நஞ்சு இருந்தது என்று நாட்குறிப்புபோல் படிக்கலாம்.

அந்தக் குறிப்பைப் படித்தபோது ஒன்று தெளிவாயிற்று. விரல் நுனியில் லேசான கூச்சத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகள் சிலர், நடக்கவும் பேசவும் மிகத் தாமதமானார்கள். தாயைத் தொடாமல் விட்ட அளவு பிள்ளையைத் தொட்டிருந்தது. அப்படியானால் விபத்து எதுவும் இல்லாத ஊரில், அன்றாடம் மீன் உண்ணும் பெண்களின் பிள்ளைகள் நிலை என்ன? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஆய்வாளர்கள் தீவுகளுக்குப் போனார்கள்.

இரண்டு தீவுகள், இரண்டு விடைகள்

வடக்கு அட்லாண்டிக்கில் ஃபாரோ தீவுகள். நூற்றாண்டுகளாகப் பைலட் திமிங்கிலத்தை வேட்டையாடி உண்ணும் மக்கள். திமிங்கிலம் ஏணியின் உச்சியில் இருப்பதால் அதன் இறைச்சியில் பாதரசம் மிகுதி. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபிலிப் கிராஞ்ஷானும் உள்ளூர் மருத்துவர் பால் வைஹெவும் 1986, 1987-இல் பிறந்த 1,022 குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேகரித்தார்கள். ஹராடா காய்ந்த கொடியில் தேடியதை இவர்கள் ஈரக் கொடியில் அளந்தார்கள்.

பிள்ளைகளுக்கு ஏழு வயதானதும், 917 பேரை அழைத்துச் சோதித்தார்கள். ஓடி விளையாடும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்தான். ஒரு படத்தைக் காட்டி அது என்ன என்று கேட்பார்கள். சொற்பட்டியலைப் படித்துக்காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். திரையில் குறிப்பிட்ட உருவம் வரும்போது மட்டும் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். கொடி இரத்தத்தில் பாதரசம் கூடக் கூட, சொல் நினைவுக்கு வருவதும், கவனமும், நினைவாற்றலும் குறைந்தன. பாதரசம் இருமடங்கானால் பிள்ளையின் வளர்ச்சி ஒன்றிரண்டு மாதம் பின்தங்கியது. 1997-இல் இந்த முடிவு வெளியானது. அதே பிள்ளைகளைப் பதினான்கு வயதிலும் இருபத்திரண்டு வயதிலும் மீண்டும் சோதித்தார்கள். குறை மறையவில்லை. 2008-இல், பைலட் திமிங்கில இறைச்சி இனி மனிதர் உண்ணத் தக்கதல்ல என்று அத்தீவுகளின் தலைமை மருத்துவ அதிகாரியும் வைஹெவும் மக்களுக்கு அறிவுறுத்தினார்கள். பரம்பரை உணவை விட்டுவிடு என்று சொந்த மக்களிடம் சொல்வது எளிதான காரியமா? அதைச் செய்தார்கள்.

இந்தியப் பெருங்கடலில் சீஷெல்ஸ் தீவுகள். இராக்கில் ஆய்வு செய்த அதே ரோச்செஸ்டர் குழு இங்கே 779 தாய்-சேய் இணைகளைப் பின்தொடர்ந்தது. அந்தப் பெண்கள் வாரத்தில் சராசரியாகப் பன்னிரண்டு வேளை மீன் உண்பவர்கள். முடியில் பாதரச அளவு ஃபாரோ தாய்மாரைவிட அதிகம். ஆனாலும் ஒன்பது வயது வரை தொடர்ந்த சோதனைகளில், பாதரசத்தால் அறிவு குறைந்ததற்கான தெளிவான தடயம் கிடைக்கவில்லை.

ஒரே நஞ்சு, எதிரெதிர் முடிவு. இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் வாதிட்டன. இந்த வாதத்தில் நியூசிலாந்தில் நடந்த ஆய்வும் வந்து சேர்ந்தது. அங்கே சுறா இறைச்சி பொரித்த மீனாகக் கடைகளில் விற்பது வழக்கம். முடியில் பத்து லட்சத்தில் ஆறு பங்குக்கு மேல் பாதரசம் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு, நுண்ணறிவு ஈவு, அதாவது ஐ.க்யூ., ஏறக்குறைய மூன்று புள்ளி குறைந்திருந்தது.

முடிச்சு அவிழத் தொடங்கியது, மீனில் நஞ்சு மட்டும் இல்லை என்பதை ஆய்வாளர்கள் சேர்த்து எண்ணியபோது. மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு அமிலமும் அயோடினும் செலினியமும் மீனில் இருக்கின்றன. சீஷெல்ஸில் பெண்கள் அன்றாடம் உண்டது பலவகைக் கடல் மீன். பாதரசம் எடுத்ததைச் சத்து ஈடுகட்டியிருக்கலாம். ஃபாரோவில் திமிங்கில இறைச்சி எப்போதாவது ஒரு நாள் பெரிய அளவில் உண்பது. அதோடு திமிங்கிலக் கொழுப்பில் வேறு தொழிற்சாலை நச்சுகளும் இருந்தன. அமெரிக்காவில் பாஸ்டன் பகுதித் தாய்மாரிடம் நடந்த ஆய்வொன்று 2005-இல் இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக் காட்டியது: கருவுற்ற காலத்தில் மீன் கூடுதலாக உண்டவர்களின் குழந்தைகள் அறிவுச் சோதனையில் கூடுதல் மதிப்பெண் பெற்றன, முடியில் பாதரசம் கூடியவர்களின் குழந்தைகள் குறைவாகப் பெற்றன. மீன் நல்லது, பாதரசம் கெட்டது. இரண்டும் ஒரே தட்டில் வருகின்றன.

மூன்று புள்ளி என்றால் என்ன?

ஐ.க்யூ. 103 உள்ள பிள்ளைக்கும் 100 உள்ள பிள்ளைக்கும் வகுப்பு ஆசிரியரால் வேறுபாடு காண முடியாது. பெற்றவளாலும் முடியாது. ஆனால் ஒரு ஊரையே எடுத்துக்கொண்டால் கணக்கு வேறு. சராசரி 100 ஆக இருக்கும் ஆயிரம் பிள்ளைகளில், 70-க்குக் கீழே இருப்போர் சுமார் 23 பேர். 130-க்கு மேலே இருப்போரும் 23 பேர். ஊர் முழுவதற்கும் சராசரி மூன்றே புள்ளி இறங்கினால், கீழே இருப்போர் 36 ஆகிறார்கள். மேலே இருப்போர் 14 ஆகக் குறைகிறார்கள். தனி உதவி தேவைப்படும் பிள்ளைகள் ஒன்றரை மடங்கு. முதல் வரிசையில் நிற்கக்கூடிய பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கினர் காணாமல் போகிறார்கள். யாரும் மருத்துவமனைக்குப் போவதில்லை, யாருக்கும் நோய்ச் சான்று கிடைப்பதில்லை. மினமாட்டாவில் கண்ணால் பார்த்த இழப்பு இங்கே எண்ணிப் பார்த்தால் மட்டுமே தெரிகிறது.

கொடைக்கானல்

தமிழ்நாட்டுக்கும் இந்த உலோகத்தோடு ஒரு கசப்பான கணக்கு உண்டு. 1980-களில், நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இயங்கிவந்த வெப்பமானி ஆலை கொடைக்கானலுக்கு இடம் மாறி வந்தது. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்திடமும், பிறகு இந்துஸ்தான் லீவரிடமும் இருந்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கு மேல் கிடப்பதை ஊர் மக்களும் சூழல் ஆர்வலர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசு ஆய்வகத்தின் விஞ்ஞானிகள், கொடைக்கானல் ஏரியின் நீரிலும் அடிச்சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை அளந்து 2006-இல் வெளியிட்டார்கள்.

ஆலையில் வேலை பார்த்தவர்கள் சுவாசித்தது தனிமப் பாதரசத்தின் ஆவி. கை நடுக்கம், சிறுநீரகக் கோளாறு, மறதி என்று அவர்கள் தங்கள் உடல் பட்ட பாட்டைச் சொன்னார்கள். தங்கள் செயல்பாட்டால் தொழிலாளர் உடல்நலம் கெட்டதற்குச் சான்றில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. பதினைந்து ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

பல், ஊசி, களிம்பு

பாதரசம் என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சுவதும் சரியாகாது. எந்த வடிவம், எவ்வளவு, எந்த வயதில் என்று பார்க்க வேண்டும். பல் குழியை அடைக்கும் வெள்ளி நிற அமால்கத்தில் பாதி பாதரசம்தான். அமெரிக்காவிலும் லிஸ்பனிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களிடம் ஆண்டுக்கணக்கில் நடத்தி 2006-இல் வெளியான இரண்டு ஆய்வுகள், அமால்கம் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் அறிவுச் சோதனைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டன. சில தடுப்பூசிகளில் பதப்படுத்தியாகச் சேர்க்கும் தயோமெர்சாலில் இருப்பது எத்தில் பாதரசம். பெயரில் ஓரெழுத்துதான் வேறுபாடு என்றாலும், மெத்தில் பாதரசத்தைவிட மிக வேகமாக இரத்தத்தைவிட்டு நீங்கிவிடுகிறது. ஆட்டிசத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டிவிட்டன. தடுப்பூசியைத் தள்ளிப்போட இது காரணமாகாது.

அஞ்ச வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. தயாரித்தவர் பெயரோ சேர்மானமோ அச்சிடாத சிவப்பழகு களிம்புகளில் அது இருக்கலாம். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், இத்தகைய களிம்பு பூசியவர்கள் சிலருக்குச் சிறுநீரகம் பழுதானதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். பூசிய தாயின் கன்னத்திலிருந்தும் துண்டிலிருந்தும் அது மடியிலுள்ள குழந்தைக்கும் போகும்.

எந்த மீனை வாங்குவது

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் 2013 அக்டோபரில் ஜப்பானின் குமமோட்டோவில் ஏற்கப்பட்டது. அதற்கு மினமாட்டா உடன்படிக்கை என்றே பெயர். 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் ஏற்றுக்கொண்டது. வெப்பமானி, மின்கலம், விளக்கு ஆகியவற்றிலிருந்து பாதரசம் படிப்படியாக விலகிவருகிறது. ஆனால் ஏற்கனவே கடலில் கலந்தது குறைய நெடுங்காலம் ஆகும். அதுவரை காவல் சமையலறையில்தான்.

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த வல்லுநர் குழு, கருவைக் காக்க வகுத்த வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 96 மைக்ரோகிராம். அமெரிக்கச் சந்தையில் அளந்த சராசரிப்படி, ஒரு கிராம் சுறாவில் ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம் பாதரசம். ஆக, வாரத்தில் நூறு கிராம் சுறாவிலேயே வரம்பு நிறைந்துவிடும். மத்தியில் கிராமுக்கு 0.013 மைக்ரோகிராம். அதே வரம்பை எட்ட ஏழு கிலோவுக்கு மேல் உண்ண வேண்டும். நெத்திலியும் இறாலும் மத்தியோடு சேர்த்தி. சுறா இனத்திலும் சின்னதில் குறைவு. வயதான பெரியதில் அதிகம். பெரிய சூரை, கொப்பரன், வாள்மீன் போன்றவையும் சுறா வரிசையில் வருபவை.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று சுறாப்புட்டு செய்து கொடுப்பது நம் கடற்கரை ஊர்களின் வழக்கம். தாய்ப்பாலில் இறங்கும் மெத்தில் பாதரசம், கருவில் கொடி வழியே போவதைவிடக் குறைவு. ஆகவே பால் கொடுப்பதை யாரும் நிறுத்தக் கூடாது. ஆனால் கருவுற்ற பெண்ணுக்கும், கருவுற விரும்பும் பெண்ணுக்கும் பெரிய சுறா வேண்டாம். இரத்தத்தில் சேர்ந்த மெத்தில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாள் பிடிக்கிறது. அதனால் எச்சரிக்கை கரு தங்கிய பிறகு தொடங்கினால் போதாது, சில மாதம் முன்பே தொடங்க வேண்டும். அலசினாலும் புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் இந்தப் பாதரசம் போகாது. அது தசைப் புரதத்தோடு பிணைந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு மீனையே நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான தாய்மாரிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், கர்ப்ப காலத்தில் வாரம் 340 கிராமுக்குக் குறைவாகக் கடலுணவு உண்டவர்களின் பிள்ளைகளே மொழித்திறனில் பின்தங்கியிருந்தார்கள். மீனை விடாமல், சின்ன மீனாகப் பார்த்து வாங்குவதே வழி.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் அதே மேசையில், எந்த மீன் உண்ணலாம், எதைத் தவிர்க்கலாம் என்ற பட்டியலையும் தமிழில் கொடுக்க வேண்டும். நம் கடலில் பிடிபடும் மீன்களைத் துறைமுகந்தோறும் சோதித்து, அளவை அரசு மக்களுக்கு அறிவிக்க வேண்டும். அதுவரை, கருவுற்ற பெண் இருக்கும் வீட்டிலிருந்து சந்தைக்குப் போகிறவர்கள் மத்தியையும் நெத்திலியையும் வாங்கி வாருங்கள். வாரம் இரண்டு மூன்று வேளை அவளுக்குச் சமைத்துக் கொடுங்கள்.